உமிச்சாம்பலும் நிக்கலும்

படுவான்கரையில் வேளாண்மை வெட்டி முடிந்ததும், பழுகாமம் முதலிய ஊர்களில் நெல் அரிசியாகும், உமி ஒதுக்கப்படும். அவ்வுமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவாகும். இச்சிலிக்கா உலோக ஊக்கிகளைத் தாங்கவல்லது. தாய்வான் நாட்டு ஆய்வாளர் இதன்மீது நிக்கலை ஏற்றி ஆராய்ந்துள்ளனர்.

ஊக்கியென்பது தான் செலவாகாது தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள். நிக்கலின் துணையால் ஐதரசனைச் சேர்க்கும் முறையை 1897 இல் பிரெஞ்சு அறிஞர் சபாற்றியே கண்டார். 1912 இல் நோபெல் பரிசும் பெற்றார். தாவர எண்ணெயைக் கட்டியான கொழுப்பாக்குவது இம்முறையைக் கொண்டேயாம்.

ஊக்கியின் தொழில் மேற்பரப்பிலேயே நிகழ்வது. உள்ளே புதைந்த அணுக்களாற் பயனில்லை. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள நிக்கற் கனவுருவின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றரே. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கி, அவற்றுள் ஐந்து கூறு பக்கமாயமைந்த சிறு கனவுருக்களாக அதனைப் பிரித்தால், மேற்பரப்பு 1,200 சதுர மீற்றராகும். கால் ஏக்கர் வயலினும் பெரிது! ஆயினும் அத்துணிக்கைகள் வெப்பத்தில் ஒன்றோடொன்று திரண்டு பருத்துவிடும். அவற்றை விலக்கி நிறுத்துவதே தாங்கியின் கடன்.

ஆக்கும் முறை வருமாறு: உமியைக் கழுவி, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்திற் கொதிக்கவைத்துப் பொற்றாசியம் முதலிய மாசுகளை நீக்குவர். பின் ஏறக்குறைய 600 பாகை செல்சியசில் எரிக்க, வெண்ணிறச் சிலிக்கா கிடைக்கும். வெப்பம் மிகுந்தால் நுண்டுளைகள் அடைபடும். இச்சிலிக்காவை நிக்கல் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, காற்றிற் சூடாக்க நிக்கல் ஒட்சைட்டு உண்டாகும். சூடான ஐதரசன் அதனை உலோகமாகத் தாழ்த்தும். இவ்வுலோகத்துகள் காற்றுப்பட்டால் தீப்பற்றக்கூடும், எச்சரிக்கை வேண்டும்.

ஆக்கியது நன்றோ என்பதைக் கண்ணாற் கண்டு துணிதல் இயலாது. தாங்கியின் மேற்பரப்பை, குளிர்ந்த நைதரசன் வாயு அதன்மேற் படியும் அளவால் அறிவர். புருணவர், எம்மெற்று, தெல்லர் ஆகிய மூவர் 1938 இல் வகுத்த கணக்கு இதற்கு உதவும். எக்சுக்கதிர்க் கோலத்திற் கோடுகள் அகன்றிருப்பின் உலோகப் பளிங்குகள் சிறியன, கூர்மையாயிருப்பின் பெரியன. இலத்திரன் நுணுக்குக்காட்டி அவற்றை நேரே காட்டும். வெளியே நிற்கும் நிக்கலணு ஒவ்வொன்றும் ஓர் ஐதரசனணுவைப் பற்றுமெனக் கொண்டு, பற்றப்பட்ட ஐதரசனை அளந்து, தொழில்புரியத்தக்க அணுக்களை எண்ணிவிடலாம்.

நிக்கலின் நிறை ஒன்றாயிருப்பினும், இருவர் ஆக்கிய ஊக்கிகள் ஆற்றலில் வேறுபடுவது இதனாலேயே. எவ்வளவு உலோகம் இட்டோம் என்பதன்று, எவ்வளவு வெளிப்பட்டு நிற்கிறது என்பதே வினா. அவ்வினாவுக்கு அளவையால் விடையிறுக்கும் மாணவனுக்கு, நம் வயலின் உமியும் ஆய்வுப் பொருளாகும்.