சீனி கைகோத்தால் தண்ணீர் என்ன செய்யும்?

இந்த வார இறுதியில் பிள்ளைகளோடு ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். இரண்டு கிண்ணங்களில் தலா ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் அரைக் கோப்பை சீனியைக் கரைத்து, இரண்டையும் இரவு முழுவதும் ஃபிரீசரில் வையுங்கள். காலையில் வெறும் தண்ணீர் கல்லாக இறுகியிருக்கும். சீனித் தண்ணீரையோ கரண்டியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

ஒரே ஃபிரீசர், ஒரே குளிர். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

கைகோத்து நிற்கும் கூட்டம்

நீரின் ஒரு மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் உண்டு. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்க்கும். இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. இப்படி ஒவ்வொரு நீர் மூலக்கூறும் அதிகபட்சம் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு கைகோக்கலாம். ஆனால் பிடி நிலைப்பதில்லை. ஒரு விநாடியை லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு சில கூறுகளுக்குள் ஒரு கையை விட்டு இன்னொரு கையைப் பிடித்துவிடும். தண்ணீர் ஓடுவதற்கு இந்த ஓயாத கைமாற்றமே காரணம்.

குளிர் ஏறும்போது ஆட்டம் அடங்குகிறது. பிடித்த கைகளை விடாமல் மூலக்கூறுகள் ஒழுங்கான வலையாக நிற்கின்றன. அதுதான் ஐஸ்.

நடுவில் வந்த விருந்தாளி

நாம் தேநீரில் போடும் சீனியின் ஒரு மூலக்கூறில், நீரோடு கைகோக்கக்கூடிய ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணைகள் எட்டு உள்ளன. அதனால்தான் 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 200 கிராம் சீனி கரைகிறது.

கரைந்த சீனி சும்மா இருப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள நீரின் வேகத்தைக் குறைக்கிறது. ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை டெராஹெர்ட்ஸ் அலைகளால் ஆராய்ந்தார்கள். ஒரே ஒரு லாக்டோஸ் மூலக்கூறு, நூற்றுக்கும் அதிகமான நீர் மூலக்கூறுகளின் அசைவை மந்தமாக்குவதைக் கண்டார்கள்.

ஃபிரீசரில் நடந்தது இதுதான். ஐஸ் வலைக்குள் சீனிக்கு இடமில்லை. நீர் உறைய உறைய, மிச்சமுள்ள நீரில் சீனி கெட்டிப்படுகிறது. ஒரு கட்டத்தில் அந்தக் கெட்டிப் பாகு, ஐஸ் துகள்களுக்கு இடையே உறையாமலே நின்றுவிடுகிறது. ஐஸ்கிரீமின் மென்மைக்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

பாட்டியின் பாகுப் பதம்

தீபாவளிக்குப் பாகு காய்ச்சும் பாட்டிகள், இரு விரல்களுக்கு இடையே கம்பி இழுத்துப் பதம் பார்ப்பார்கள். நீர் ஆவியாகி, எஞ்சியது சீனியின் பிடியில் சிக்கி, ஓட முடியாமல் இழுபடுவதே அந்தக் கம்பி. அப்போது கொதிநிலையும் 100 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும்.

கெட்டிப் பாகு எளிதில் கெடாது. கிருமிகள் வளரத் தண்ணீர் தேவை. பாகில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் கிருமிக்குக் கிடைக்காது. கிருமியின் உடலில் உள்ள நீரையும் பாகு வெளியே இழுத்துவிடும். தேனில் சுமார் 18 விழுக்காடு நீர் இருந்தும் அது ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

தவளையும் தடுப்பூசியும்

அலாஸ்காவிலும் கனடாவிலும் ஒரு காட்டுத் தவளை உண்டு. குளிர்காலத்தில் அதன் உடல்நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைந்துவிடும். இதயமும் நின்றுவிடும். ஆனாலும் வசந்தத்தில் எழுந்து தாவிச் செல்லும். உறையத் தொடங்கியதும் அதன் கல்லீரல் குளுக்கோஸை இரத்தத்தில் கொட்டுகிறது. உயிரணுக்களுக்குள் ஐஸ் படிகங்கள் உருவாகி அவற்றைக் கிழித்துவிடாமல் அது காக்கிறது.

ஃபைசர், மொடர்னா கோவிட் தடுப்பூசிகளிலும் இதே உத்தி உண்டு. இரண்டின் உட்பொருள் பட்டியலிலும் சுக்ரோஸ் இருக்கிறது. அது நம் சமையலறைச் சீனியேதான். மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்புத் துகள்கள் உறைபனியில் சிதையாமல் அது பாதுகாக்கிறது.

வீட்டுக்கு ஒரு பாடம்

உடல்நலம் கருதி இப்போது பலரும் சீனியைக் குறைக்கிறோம். தேநீரில் தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் ஜேம், பழப்பாகு, குலாப் ஜாமூன் போன்றவற்றில் சீனி இனிப்புக்கு மட்டுமல்ல, காவலுக்கும் நிற்கிறது. அதைக் குறைத்தால் தண்ணீர் விடுபடும். கிருமிக்கு வழி திறக்கும். ஆகவே சீனி குறைத்துச் செய்த பலகாரத்தைச் சிறிய அளவில் செய்யுங்கள், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், சீக்கிரம் சாப்பிட்டு முடியுங்கள். காவலாளியைக் குறைத்த வீட்டில் கதவைச் சாத்தி வைப்பதுதானே முறை!