உயிர் என்னும் ஈவு

கொடுத்தலைக் குறிக்கத் தமிழிலே சொற்களுக்குக் குறைவில்லை. ஈகை, கொடை, தானம், பரிசு, சன்மானம், வரம் என அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயினும் இவை யாவும் ஒரே பொருளைத் தருவன அல்ல. பரிசு வென்றவனுக்கு, சன்மானம் கற்றவனுக்கு, வரம் தவம் செய்தவனுக்கு. பெறுபவனிடத்தில் ஏதேனும் ஒரு தகுதியை எதிர்பார்த்து நிற்கும் சொற்கள் இவை. தகுதி எதுவும் நோக்காது இறைவன் அளிப்பதைக் குறிக்க வேண்டிய இடத்தில், தமிழ் வேதாகமம் 'கிருபைவரம்' என்ற தொடரை ஆளுகின்றது. 'வரம்' தனித்து நின்றால் தவத்தை நினைவூட்டும். 'கிருபை' முன்னே வந்து நின்றதும் அந்த நினைவு விலகிவிடுகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர்க்கு, ஒரு சமயத்தின் உயிர்நிலையான கருத்து இவ்வாறு ஒரு சொற்சேர்க்கைக்குள் அடங்கிக் கிடப்பதைக் காண்பதில் தனி மகிழ்ச்சி உண்டு.

மனித உயிரைக் கிறிஸ்தவர்கள் இத்தகைய ஈவாகவே கருதுகின்றனர். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில், இறைவன் மண்ணை எடுத்து மனித உருவமைத்து, அதன் நாசியில் தம் சுவாசத்தை ஊதினார் என்று கூறப்படுகிறது. எபிரேய மொழியில் மனிதனுக்கு 'ஆதாம்' என்றும், நிலத்துக்கு 'ஆதாமா' என்றும் பெயர். மனிதன் மண்ணின் மகன். மூச்சு மட்டும் வேறிடத்திலிருந்து வந்தது. அதை அவன் கேட்டுப் பெறவில்லை, உழைத்தும் ஈட்டவில்லை. முற்பிறப்பின் வினைக்கேற்பப் பிறவி அமைகிறது என்னும் நம் நாட்டுக் கொள்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. அங்கே பிறவி ஒரு விளைவு. இங்கே அது ஒரு கொடை. எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று.

கொடை என்றவுடன் ஒரு வினா எழுகின்றது. கொடுத்துவிட்ட பொருள் பெற்றவனுக்கு உரியதன்றோ? அவ்வாறாயின் அதை அவன் விருப்பப்படி செய்வதை, வேண்டாமென்று எறிந்துவிடுவதையுங்கூட, யார் தடுக்க முடியும்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ் என்னும் இறையியலறிஞர், தற்கொலை தகாது என்பதற்கு மூன்று காரணங்கள் காட்டினார். அது தன்னைத் தானே நேசிக்கும் இயல்புக்கு முரணானது; சமூகத்துக்கு இழைக்கும் தீங்கு; உயிர் இறைவனது ஈவாதலால் அதன்மேல் அவருக்குள்ள அதிகாரத்தை மீறுவது. மூன்றாவதை ஸ்காட்லாந்து நாட்டுத் தத்துவஞானி டேவிட் ஹியூம் எதிர்த்தார். அவர் காலமான பின் 1777-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையொன்றில், இயற்கையின் போக்கை மாற்றுவது இறைவனுக்கு எதிரான குற்றமானால், தலைமேல் விழும் கல்லிலிருந்து விலகிக்கொள்வதும் குற்றமாகாதா என்று அவர் கேட்டார்.

கூரிய கேள்விதான். உயிரை இறைவனது உடைமை என்று மட்டும் வாதிடுவோர்க்கு இதற்கு விடை கூறுவது எளிதன்று என்பதே நம் கருத்து. ஆனால் ஈவு என்பது உடைமை மாறும் ஒரு பத்திரமன்று. தாய் தன் கையால் நெய்து தந்த போர்வையை எரித்துவிட நமக்குச் சட்டப்படி உரிமையுண்டு. ஆயினும் கை கூசுகிறது. தந்தவரின் நினைவு பொருளோடு சேர்ந்தே வருவதால் அந்தக் கூச்சம். அக்குவினாஸின் மூன்றாவது காரணத்தை அதிகாரமென்று கொள்வதினும் உறவென்று கொண்டால் அதற்கு வலிமை மிகுதி என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்தக் கொள்கையைத் திருச்சபை எப்பொழுதும் கனிவோடு கையாண்டது என்று கூற முடியாது. தற்கொலை செய்துகொண்டோர்க்கு நூற்றாண்டுகளாகத் திருச்சபைச் சடங்குடன் கூடிய அடக்கம் மறுக்கப்பட்டது. துயரத்தால் நொந்த குடும்பத்துக்கு அது இரண்டாவது அடி. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இடம்பெறவில்லை. மனநோயும் கடும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவ்வாறு மாண்டோரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-இல் வெளிவந்த அதன் மறைக்கல்வி நூல் கூறுகிறது. உயிரை ஈவென்று போதிப்பவர்கள், அந்த ஈவைச் சுமக்க முடியாமல் தளர்ந்தவரைத் தூற்றுவது பொருந்தாது என்பதை உணரச் சற்று அதிகக் காலமே ஆயிற்று.

ஏட்டிலுள்ள கொள்கை வாழ்விலே எவ்வாறு நின்றது என்பதற்கு, பண்டித ரமாபாயின் வரலாற்றைக் காட்டிலும் பொருத்தமான சான்று நம் நாட்டில் அரிது. 1858-இல் பிறந்த அவருடைய தந்தையார் அனந்த சாஸ்திரி, பெண்களுக்கும் சமஸ்கிருதம் கற்பிக்கலாம் என்று துணிந்த வைதிகர். குடும்பத்தினர் தலந்தோறும் சென்று புராணம் வாசித்துப் பிழைத்தனர். தென்னாட்டு யாத்திரையின்போது பஞ்சம் அவர்களைச் சூழ்ந்தது. கையிலிருந்த காசும் தானியமும் தீர்ந்து, காட்டிலே இலையும் நீருமாக நாட்களைக் கழித்த நிலையில், முதியவரான தந்தையார் புண்ணிய தீர்த்தமொன்றில் மூழ்கி ஜலசமாதி அடையத் தீர்மானித்தார். அப்போது ரமாபாயின் தமையன் தான் கூலி வேலை செய்து காப்பாற்றுவதாகக் கூறித் தடுத்தான். ஆயினும் தந்தையார் சில நாட்களில் காலமானார்; தாயாரும் தமக்கையும் அவரைத் தொடர்ந்தனர். இவற்றைப் பிற்காலத்தில் ரமாபாயே எழுதி வைத்திருக்கின்றார்.

பின்னர் கல்கத்தா சென்று 'பண்டிதா', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களைப் பெற்றதும், மணமாகி இரண்டாண்டுகளுக்குள் கணவரை இழந்ததும், 1883-இல் இங்கிலாந்திலே ஞானஸ்நானம் பெற்றதும் பலரும் அறிந்தவை. 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காக 'சாரதா சதனம்' தொடங்கினார். 1896-97-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியபோது அவர் நேரே அங்குச் சென்றார். அநாதைப் பெண்குழந்தைகளையும் இளம் விதவைகளையும் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்து, புனாவுக்கு அருகிலுள்ள கேட்காவில் 'முக்தி' என்று பெயரிட்ட இல்லத்தில் சேர்த்தார். பார்வையற்றோர்க்கும், வழிதவறியவரென்று சமூகம் ஒதுக்கிய பெண்களுக்கும் அங்கே தனித்தனி இல்லங்கள் அமைந்தன. எந்தப் பசி தம் பெற்றோரைக் கொண்டுபோயிற்றோ, அதே பசியின் வாயிலிருந்து பிறர் குழந்தைகளை அவர் மீட்டார். இக்குழந்தையால் என்ன பயன் என்ற கேள்வி அங்கே எழவில்லை. உயிரைக் கொடையென்று கொள்வோர், கிடைத்தவரின் தகுதியை எடைபோட உட்காருவதில்லை.

கிடைத்த ஈவைப் புதைத்து வைக்கலாகாது என்பது இதன் மறுபக்கம். இயேசு சொன்ன உவமையொன்றில் எஜமான் தன் ஊழியர் மூவருக்கு ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளைக் கொடுத்துச் செல்கிறான். ஒன்று பெற்றவன் அதை மண்ணில் புதைத்துக் குற்றவாளியாகிறான். தாலந்து என்பது வெள்ளியின் நிறை. ஒரு கூலியாள் பல்லாண்டு உழைத்தே ஈட்டக்கூடிய தொகை. இந்த உவமையின் வழியாகவே அச்சொல் ஆங்கிலத்தில் திறமை என்னும் பொருளைப் பெற்றது. தமிழ்க் கிறிஸ்தவர்களும் அதை அப்பொருளில் வழங்குகின்றனர்.

ரமாபாய் தம் தாலந்தை மொழியில் கண்டார். அக்காலத்து மராத்தி வேதாகமம் சமஸ்கிருதச் சொற்கள் மலிந்ததாய், கிராமத்துப் பெண்களுக்கு எட்டாததாய் இருந்தது. ஆகவே எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூலத்திலிருந்தே எளிய மராத்தியில் முழு நூலையும் பெயர்க்கத் தொடங்கினார். சமஸ்கிருதத்திலே கரைகண்ட ஒருவர் சமஸ்கிருதச் சொல்லைத் தேடித்தேடி விலக்குவது எத்தகைய கட்டுப்பாடு என்பதை இப்பணியில் ஈடுபட்டவர்கள் அறிவார்கள். 1921-இல் அவருடைய ஒரே மகள் மனோரமா காலமானார். அதன் பின்னும் பணி நிற்கவில்லை. 1922-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ரமாபாய் மறைந்தார். நூல் 1924-இல் வெளிவந்தது. அதன் எழுத்துக்களை முக்தி இல்லத்தின் அச்சுக்கூடத்தில் கோத்தவர்கள் அங்கு அடைக்கலம் பெற்ற பெண்களே.