பிரேக் வேலை: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியா வழியாக ஹட்டன் செல்லும் வீதி வளைவுகள் நிறைந்தது. டிசம்பர் முதல் மே வரை பாவா ஆதம் மலைப் பருவகாலத்தில் வாகன நெரிசலும் சேர்ந்துகொள்ளும். இத்தகைய வீதியில் ஓடும் வாகனத்தின் பிரேக் வேலையில் மலிவை மட்டும் பார்க்கக் கூடாது. இதே நுவரெலியா மாவட்டத்தின் நானுஓயா, ரதெல்லை இறக்கத்தில் 2023 ஜனவரி 20 அன்று பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். பிரேக் செயலிழந்ததாகவே அப்போது கூறப்பட்டது.

வாகனத்தை கராஜில் ஒப்படைக்கும்போதே, கழற்றும் பழைய பேட்களைத் திருப்பித் தரும்படி சொல்லிவிடுங்கள். உராயும் பகுதி 3 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாற்றியது நியாயமே. ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே, முன் சக்கரங்களாயினும் பின் சக்கரங்களாயினும் சோடியாகவே மாற்ற வேண்டும்.

பிரேக் ஒயிலையும் கவனியுங்கள். புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஒயிலில் இந்த அளவு 140 பாகை வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் ஒயில் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகி, பெடல் அடிவரை போய்விடும், பிரேக் பிடிக்காது.

வேலை முடிந்ததும் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பெடல் பஞ்சு போலிருந்தால் குழாய்களில் காற்று எஞ்சியிருக்கலாம். அதை வெளியேற்றிய பின்னரே பணம் கொடுங்கள். உதிரிப்பாகமும் கூலியும் தனித்தனியே எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பின்னர் குறை தெரிந்தால் அதுவே உங்கள் சாட்சி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.