தோட்டா மறுநிரப்பல்

தோட்டா மறுநிரப்பல் என்பது, ஒருமுறை சுடப்பட்ட துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் கூட்டில் புதிய எரியூட்டி, உந்துமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி, அதனை மீண்டும் சுடத்தக்கதாக ஆக்கும் செயல் ஆகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் இலக்குச் சுடுவோரும் வேட்டையாடுவோரும் இதனைப் பரவலாகச் செய்கின்றனர். செலவைக் குறைப்பதும், தம் துப்பாக்கிக்கு மிகவும் பொருந்தும் தோட்டாவைப் பெறுவதும் இதன் நோக்கங்கள். இந்தியாவில் உரிமம் இன்றி இதனைச் செய்வது குற்றமாகும்.

தோட்டாவின் பகுதிகள்

ரைபிள் தோட்டா நான்கு பகுதிகளைக் கொண்டது.

- கூடு: பெரும்பாலும் பித்தளையால் ஆனது. மற்ற மூன்று பகுதிகளையும் தாங்கி நிற்பது.
- எரியூட்டி: கூட்டின் அடியில் உள்ள சிறு கிண்ணம். சுடும் ஊசி தாக்கியதும் தீப்பொறி தருவது.
- உந்துமருந்து: எரிந்து வளிமமாக மாறிக் குண்டை உந்துவது.
- குண்டு: குழலில் இருந்து வெளியேறி இலக்கை அடைவது.

இவற்றுள் கூடு மட்டுமே மீண்டும் பயன்படும். அதுவும் ஒவ்வொரு முறை சுடும்போதும் சற்று நீள்கிறது. பலமுறை பயன்படுத்திய பின் கழுத்திலோ அடிப்பகுதிக்கு அருகிலோ வெடிப்பு விடுகிறது.

எரியூட்டிகள் பாக்சர், பெர்டான் என இரு வகைப்படும். பாக்சர் வகைக் கூட்டில் நடுவில் ஒரே துளை இருப்பதால் பழைய எரியூட்டியை ஊசியால் எளிதில் தள்ளி அகற்றலாம். பெர்டான் வகையில் ஓரமாக இரு சிறு துளைகள் இருப்பதால் மறுநிரப்பல் கடினம். பாக்சர் பிரித்தானியர், பெர்டான் அமெரிக்கர். எனினும் பாக்சர் முறை அமெரிக்காவிலும் பெர்டான் முறை ஐரோப்பாவிலும் நிலைபெற்றன. ஒலிம்பிக் போட்டிகளில் பயன்படும் .22 தோட்டாவில் எரியூட்டும் பொருள் விளிம்பினுள் பூசப்பட்டுள்ளது. ஆதலால் அதனை மறுநிரப்புவது வழக்கத்தில் இல்லை.

உந்துமருந்தின் வரலாறு

பல நூற்றாண்டுகளாக வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியன கலந்த கருமருந்தே துப்பாக்கிகளில் பயன்பட்டது. அது மிகுந்த புகையையும் குழலில் கசடையும் உண்டாக்கியது. 1884 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வேதியியலாளர் பால் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கினார். 1887 இல் ஆல்பிரட் நோபல் பாலிசுடைட்டு என்னும் மருந்தையும், 1889 இல் பிரித்தானியாவின் ஏபெல், தேவார் ஆகியோர் கார்டைட்டு என்னும் மருந்தையும் உருவாக்கினர். கயிறு போன்ற இழைகளாக இருந்தமையால் கார்டைட்டு அப்பெயர் பெற்றது. .303 தோட்டாவில் கூட்டின் கழுத்தைக் குறுக்கும் முன்பே இந்த இழைகள் உள்ளே வைக்கப்பட்டன.

உந்துமருந்தைத் தேர்ந்தெடுத்தல்

புகையற்ற மருந்துகள் செதில், உருண்டை, சிறு குச்சி ஆகிய வடிவங்களில் கிடைக்கின்றன. வடிவத்தை விட முதன்மையானது எரியும் வேகம். கைத்துப்பாக்கிக்கு உரியவை விரைந்து எரிபவை. ரைபிளுக்கு உரியவை மெதுவாக எரிபவை. ஒரு தோட்டாவுக்கு ஏற்ற வேகத்தைக் கூட்டின் கொள்ளளவு, குண்டின் எடை, குழலின் விட்டம் ஆகியவை முடிவு செய்கின்றன. பொதுவாக, பெரிய கூட்டுக்கும் கனமான குண்டுக்கும் மெதுவாக எரியும் மருந்து பொருந்தும்.

தொடங்குவோர் கூட்டைப் பெரிதும் நிரப்பும் மருந்தைத் தேர்வது நன்று எனக் கையேடுகள் கூறுகின்றன. தவறி இருமுறை ஊற்றினால் மருந்து வெளியே வழிந்து பிழையைக் காட்டிவிடும். சிறிதளவே தேவைப்படும் செறிந்த மருந்தில் இப்பிழை கண்ணுக்குத் தெரியாது. வெப்பநிலை மாற்றத்தால் மிகவும் பாதிக்கப்படாத மருந்தா என்பதும் கருதத்தக்கது. குளிரில் சோதித்த ஒரு தோட்டா, கோடையில் 40 பாகை செல்சியசு அளவுக்கு வெப்பம் ஏறும் திருச்சிராப்பள்ளி போன்ற இடத்தில் கூடுதல் அழுத்தம் தரக்கூடும்.

பெயர் ஒற்றுமையும் ஏமாற்றும். ஐஎம்ஆர் 4895, எச்4895 ஆகிய இரண்டும் ஒரே எண்ணைக் கொண்டிருந்தாலும் அவை வெவ்வேறு மருந்துகள். ஒன்றுக்கு உரிய அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது.

கருவிகள்

அடிப்படைக் கருவி அழுத்துபொறி ஆகும். நெம்புகோலின் ஒவ்வோர் இயக்கத்திலும் ஒரே வேலையைச் செய்யும் எளிய பொறியே தொடங்குவோருக்கு உகந்தது. ஒரே இயக்கத்தில் பல வேலைகளைச் செய்யும் பொறிகள் விரைவானவை. ஆனால் ஒரு பிழை கவனிக்கப்படும் முன் பல தோட்டாக்களில் நிகழ்ந்துவிடும். பொறியில் பொருத்தும் அச்சுகள் கூட்டை உரிய அளவுக்கு மீட்கவும், குண்டை அமர்த்தவும் உதவுகின்றன.

மருந்தை நிறுக்கும் தராசு தவிர்க்க இயலாதது. மருந்து கிரெயின் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. ஒரு பவுண்டு 7000 கிரெயின், ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம். கூட்டின் நீளத்தை அளக்க வெர்னியர் அளவியும், நீண்ட கூட்டைக் குறைக்க வெட்டியும் தேவை. அச்சிட்ட மறுநிரப்பல் கையேடும் கருவிகளுள் ஒன்றாகவே கருதப்படுகிறது.

இடர்கள்

ரைபிள் தோட்டாவினுள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு இருக்கலாம்; .308 தோட்டாவில் இது நான்காயிரம் மடங்கைத் தாண்டும். அடைபட்ட இடத்தில் அழுத்தம் கூடக்கூட மருந்து மேலும் விரைந்து எரியும். ஆகவே மருந்தின் அளவில் நேரும் சிறு மிகையும் அழுத்தத்தைப் பெரிதும் உயர்த்தும். மருந்து குறைந்தாலும் இடர் உண்டு. குண்டு குழலிலேயே தங்கிவிட, அடுத்த முறை சுடும்போது குழல் வெடிக்கலாம்.

இதனால் கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே தொடங்குதல், மேசையில் ஒரே நேரத்தில் ஒரே மருந்துக் குப்பியை வைத்தல், பெயர் தெரியாத மருந்தை அழித்தல், இரு மருந்துகளைக் கலவாமை ஆகியன விதிகளாகக் கொள்ளப்படுகின்றன. கருமருந்துக்கெனச் செய்யப்பட்ட நாட்டுத் துப்பாக்கியில் புகையற்ற மருந்தை இடுவது மிகக் கொடிய பிழை. அக்குழல் அவ்வழுத்தத்தைத் தாங்காது. சுடுபவர் கையையோ கண்ணையோ உயிரையோ இழக்க நேரிடும்.

தமிழ்நாட்டில்

நீலகிரி மாவட்டத்தில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் உள்ள கார்டைட்டு தொழிற்சாலை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. இந்தியப் படைகளுக்கான உந்துமருந்துகள் இங்கு உருவாக்கப்படுகின்றன. 2021 அக்டோபர் முதல் இது மியூனிசன்சு இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது. 1966 இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை ரைபிள்களைச் செய்கிறது. தோட்டாக்கள் மகாராட்டிர மாநிலத்தின் கட்கி, வரண்காவ் ஆகிய இடங்களில் ஆக்கப்படுகின்றன. கூட்டின் அடியில் காணப்படும் கேஎஃப் என்னும் எழுத்துகள் கட்கி ஆலையைக் குறிப்பன.

வையம்பட்டி, மணப்பாறை வட்டாரத்தில் அணியாப்பூரை அடுத்த வீரமலைப்பாளையத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் உள்ளது. பயிற்சி நாட்களில் மக்களும் கால்நடைகளும் அப்பகுதிக்குள் செல்லலாகாது என மாவட்ட நிர்வாகம் அறிவிப்பது வழக்கம். இத்தகைய தளங்களின் அருகே கிடக்கும் கூடுகளையும் வெடிக்காத பொருட்களையும் எடுப்பது ஆபத்தானது. வெற்றெனத் தோன்றுவது வெற்றாக இல்லாமலும் இருக்கலாம். அவற்றைத் தொடாமல் காவல் துறைக்குத் தெரிவிப்பதே முறை.

சட்டநிலை

1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், தோட்டாவின் பகுதிகளையும் அதனைச் செய்யும் பொறிகளையும் கூடத் தோட்டா என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அச்சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி, இவற்றைச் செய்யவோ விற்கவோ உரிமம் வேண்டும். வெடிமருந்தை வைத்திருத்தலை 1884 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008 ஆம் ஆண்டின் விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் தோட்டா செய்யும் உரிமம் ஆகாது.