திரையில் தங்கும் நிழல்

தொலைக்காட்சியும் கைப்பேசியும் இன்று நம் இல்லங்களில் இன்றியமையாத பொருள்களாகிவிட்டன. சில திரைகளில், அலைவரிசையை மாற்றிய பின்னும் முந்தைய அலைவரிசையின் சின்னம் நிழல்போல் தங்கியிருப்பதைக் காண்கிறோம். திரை எரிந்துவிட்டது என்பர் சிலர். உண்மையில் அங்கு எதுவும் எரிவதில்லை, தேய்கிறது. அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

1897-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் அமைத்த கதிர்க்குழாயே பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு அடிப்படை. அதன் கண்ணாடியின் உட்புறத்தில் ஒளிரும் பொருள் பூசப்பட்டிருக்கும். எலக்ட்ரான் கற்றை பட்டதும் அப்பூச்சு ஒளிரும். ஒரே உருவம் நெடுநேரம் நின்றால், அவ்விடத்துப் பூச்சு மட்டும் ஒளிரும் ஆற்றலை விரைவில் இழக்கும். 1980-இல் வெளிவந்த பாக்-மேன் விளையாட்டுக் கருவிகள் பலவற்றில், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பாதையின் கோடுகள் கண்ணாடியில் தெரிந்தன.

1987-இல் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த டாங், வான் ஸ்லைக் என்னும் இருவர், கரிமப் பொருளாலான மெல்லிய படலம் குறைந்த மின்னழுத்தத்தில் நன்கு ஒளிர்வதை அறிவித்தனர். இன்றைய ஓ.எல்.இ.டி. திரைகள் இவ்வழியில் வந்தவையே. இவற்றில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனியே முதுமை அடைகிறது. அவற்றுள் நீலப் புள்ளிகளே விரைவில் தளர்கின்றன. அதிகம் உழைத்த புள்ளிகளுக்கும் அயலிலுள்ள புள்ளிகளுக்கும் உள்ள வேறுபாடே நம் கண்ணுக்கு நிழலாகத் தோன்றுகிறது.

எல்.சி.டி. திரையின் நிலை வேறு. அங்குப் புள்ளிகள் ஒளிர்வதில்லை. பின்னாலுள்ள விளக்கின் ஒளியை விடுவதும் தடுப்பதுமே அவற்றின் பணி. எனவே அங்கு நிழல் தோன்றினாலும் பெரும்பாலும் சிறிது நேரத்தில் மறைந்துவிடும்.

ஒளி பாதியாகக் குறைய எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைக் கொண்டே திரையின் ஆயுளைக் கணக்கிடுவது வழக்கம். ஒளியைக் கூட்டினால் ஆயுள் குறையும். ஆகவே தேவையான அளவு ஒளியே வைத்தல், அசையாப் படத்தை நெடுநேரம் நிறுத்தாதிருத்தல், பார்க்காதபோது அணைத்தல் ஆகியவற்றை நாம் கடைப்பிடித்தல் நன்று.

நிழல் விழுந்த திரை பயனற்றுப் போவதில்லை. படமும் ஒலியும் முன்போலவே வரும். பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருளைச் சிறு நிழலுக்காக எறிந்துவிட்டுப் புதியது கேட்பது முறையன்று. எறியப்படும் திரைகள் மண்ணுக்கும் கேடு செய்கின்றன. இறைவன் படைத்த இப்பூமியைப் பேணும் கடமை, நம் வீட்டுப் பொருளைப் பேணுவதிலேயே தொடங்குகிறது அன்றோ?