ஆண்டு லைசன்ஸில் விளைந்த கோசு

"அண்ணே, இது கேமரன் கோசா, சீனா கோசா?" ஜெலுத்தோங் பசாரில் என் காய்கறிக் கடைக்கு வருகிறவர்கள் விலைக்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். கேமரன் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்குவார்கள். அங்கே விளைவிக்கிறவர்கள் எந்த நிலத்தில் நிற்கிறார்கள் என்று எவரும் கேட்டதில்லை.

எனக்குக் கேமரன் மலை பெண் எடுத்த இடம். மனைவி பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். அங்கிருக்கும் தானா ராத்தா சின்ன ஊர்தான். 1,400 மீட்டருக்கு மேல் உயரம், ஒரு நீளத் தெரு, இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் ரொட்டி சானாய் சாப்பிடக்கூட வெளியே வர முடியாது.

1885இல் பஹாங்–பேராக் எல்லையை அளக்கப் போன வில்லியம் கேமரன், மலைகளுக்கு நடுவே ஒரு மேட்டுநிலத்தைப் பார்த்ததாக எழுதி வைத்தார். அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. ஆனாலும் மலைக்கு அவர் பெயர்தான். அந்தக் காட்டைத் திருத்தி மலைநெல்லும் மரவள்ளியும் போட்டு, ஊதுகுழலால் வேட்டையாடி வாழ்ந்த செமாய் மக்களுக்கோ அது தொலைந்துபோன இடமே இல்லை.

1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகு வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க மலைநகரம் ஒன்றைத் திட்டமிட்டார்கள். தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சரிவுகளை வெட்டிச் செடி நட நம்மவர்கள் போனார்கள். என் மாமனார் ஆயுள் முழுக்கக் கவாத்துக் கத்தி பிடித்தவர். வேலை முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் ஜெலுத்தோங் பிளாட்டுக்கு வந்தார். இங்கே வெக்கை தாங்காமல் கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தார்.

ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை காய்கறி போடுகிறவர்கள் பெரும்பாலும் சீனக் குடும்பங்கள். பார்க்குமிடமெல்லாம் பிளாஸ்டிக் கூரைதான். மழை நேராக அடித்தால் கீரை அழுகும், உரமும் கரைந்து ஓடிவிடும். அவர்களில் பலர் கையில் நெடுங்காலம் இருந்தது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக லைசன்ஸ். அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவன் சரிவுக்குக் கல்வரப்பு கட்டுவானா? மலையை வெட்டிக் கொட்டிய மண் ரிங்லெட் அணைக்குள் போய்ப் படிகிறது. 2013 அக்டோபரில் அந்த அணையைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. பழியை விவசாயி தலையில் மட்டும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செமாய்களின் பிடிமானம் இன்னும் மெல்லியது. 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டப்படி, அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தையும் மாநில அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தேவமணி, பழனிவேல் என்று தமிழர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய கேமரன் மலைத் தொகுதி, 2019 இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோரை அனுப்பியது. செமாய்களையும் உள்ளடக்கிய ஓராங் அஸ்லி பூர்வகுடிகளிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். கேமரன் வந்துபோய் அப்போது 134 ஆண்டுகள் ஆகியிருந்தன.