சிறுவர்க்கு மாற்றுச் சுவாசப்பை

சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்பது பிறப்போடு வரும் நோய். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பரம்பரையலகைப் பெறும் குழந்தையையே இது பற்றும். பெற்றோரிடத்தில் நோயின் அறிகுறி சிறிதும் இல்லாதிருத்தல் கூடும். இந்நோயில், உப்பையும் நீரையும் உயிரணுக்களினூடே செலுத்தும் ஒழுங்கு கெட்டு, உடலினுள்ளே சுரக்கும் சளி பசைபோலத் தடித்துவிடுகிறது. 1938இல் நியூயோர்க்கில் டொரதி அன்டர்சன் என்னும் வைத்தியப் பெண்மணி இதைத் தனியொரு நோயென விளக்கிய காலத்தில், இதற்கு ஆளான குழந்தைகளிற் பெரும்பாலோர் பள்ளிப் பருவத்தை எட்டவில்லை.

சதையி அடைபட்டு உணவு செரியாதுபோனால் அதற்கு மருந்துண்டு. சுவாசப்பை அடைபட்டாலோ, தேங்கிய சளியிற் கிருமிகள் குடியேறி அதனை ஆண்டுக்கணக்காக அரித்துவிடுகின்றன. இறுதியில் எஞ்சும் வழி, இறந்த ஒருவரின் சுவாசப்பைகளைப் பொருத்துவதே. இரண்டையுமே மாற்றவேண்டும், ஒன்றை விட்டுவைத்தால் அதிலுள்ள கிருமிகள் புதியதையும் கெடுத்துவிடும். மாற்றிய உறுப்பு கொடையாளியின் பரம்பரையலகுகளையே உடையதாதலால், அதனுள் இந்நோய் மீண்டும் தோன்றாது. ஆயினும் சதையியிலும் குடலிலும் நோய் இருந்தபடியே இருக்கும். புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்துண்ண வேண்டும். அம்மருந்தே உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். இச்சிகிச்சை பெற்ற சிறுவருள் ஏறத்தாழ அரைப்பங்கினரே ஐந்தாறு ஆண்டுகளைக் கடக்கின்றனர். இது நோயை ஒழிக்கும் வழியன்று. காலத்தை வாங்கும் வழி.

அக்காலத்தை வாங்குவதிலும் சிறுவர்க்கு ஓர் இடர் உண்டு. குழந்தையின் மார்புக்கூடு சிறியது. அதற்கேற்ற அளவுடைய சுவாசப்பை கிடைப்பதோ அரிது. வளர்ந்தோரின் சுவாசப்பையை வெட்டிச் சிறிதாக்கிப் பொருத்தலாம். ஆனால் அது யாருக்கு உரியது?

ஐக்கிய அமெரிக்காவில் 2005இல் வந்த விதி, பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ளோரை, நோயின் கடுமையையும் பிழைக்கும் வாய்ப்பையும் கணித்து வரிசைப்படுத்தியது. பன்னிரண்டுக்குட்பட்டோர் அக்கணிப்பிற் சேரவில்லை. சிறுவரின் உறுப்புகளில் அவர்களுக்கு முதலிடம் இருந்தது. வளர்ந்தோரின் உறுப்போ, அப்பகுதியில் அதற்குக் காத்திருந்த மூத்தோர் வேண்டாமென்ற பின்னரே கிடைக்கும். கணிப்பதற்குப் போதிய சிறுவர் தொகை இல்லை என்பதே காரணம். காரணம் பொய்யன்று, ஆனால் மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு அது விடையாகுமா?

2013இல் பிலடெல்பியாவில் இந்நோயுற்ற பத்து வயதுச் சிறுமியொருத்தியின் பெற்றோர் நீதிமன்றை நாடினர். அவள்பொருட்டு அவ்விதியை நிறுத்திவைக்குமாறு நீதிபதி ஆணையிட்டார். உறுப்புப் பங்கீட்டுச் சபையும் இத்தகைய சிறுவர் விலக்குக் கோரலாமென இசைந்தது. அவளுக்குப் பொருத்திய முதற் சுவாசப்பைகள் இயங்கவில்லை. சில நாட்களில் வேறு சுவாசப்பைகளைப் பொருத்தினர். அவள் பிழைத்து வீடு திரும்பினாள். ஒருவர் முன்னே சென்றால் இன்னொருவர் பின்னே தள்ளப்படுவார் என்றும், மருத்துவர் ஆராயவேண்டியதை நீதிமன்றம் தீர்க்கலாகாது என்றும் கண்டித்தோர் பலர். அவர்கள் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தள்ளப்படுபவரின் முகம் மட்டும் எவருக்கும் தெரியவில்லை. 2014இல் அவ்விலக்கு நிரந்தரமாக்கப்பட்டது.

2019இல் அந்நாட்டில், பழுதுற்ற புரதத்தையே சீர்செய்யும் மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரை அனுமதி பெற்றது. அங்கும் பன்னிரண்டு வயதே முதலெல்லையாக இருந்தது. 2021இல் ஆறு வயதினர்க்கும் அது கிட்டிற்று. அதன்பின் இந்நோய்க்காகச் சுவாசப்பை மாற்றப்படுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. எனினும் பரம்பரையலகின் பழுது எல்லோர்க்கும் ஒரேவகையினதன்று. மாத்திரைக்கு இசையாத பழுதுடைய பிள்ளைகளும், அதன் பெருவிலையைக் கொடுக்க இயலாத நாடுகளிற் பிறந்த பிள்ளைகளும் பழைய நிலையிலேயே இருக்கின்றனர்.